ஆத்தங்குடி டைல்ஸ் டொமைனுக்கு 60,000 தருகிறார்கள், கொடுத்துவிடலாமா?

பட்டறைத் தம்பி
எங்கள் பட்டறைக்காக 2011-ல் அப்பா ஒரு டாட் காம் பெயர், அதாவது டொமைன் என்கிற இணைய முகவரி, வாங்கிப் போட்டார். ஊர்ப் பெயரும் டைல்ஸும்தான், முன்னே பின்னே எதுவும் இல்லை. அதில் வெப்தளம் போடவே இல்லை. வருஷா வருஷம் ஆயிரத்துச் சொச்சம் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். போன வாரம் ஒரு தரகரிடமிருந்து மெயில்: 60,000 ரூபாய், ஒரு வாரத்தில் பதில் வேண்டும். யாருக்காக என்று சொல்லவில்லை. 5 லட்சம் கேட்கலாமா?

காரைக்குடி வெப்காரன்
60,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்? தொடக்கத்தில் ஒரு 'ஏ' போடுபவர் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. நடுவில் 'டிஎச்' போடுவார்கள், இரண்டு 'டி' போடுவார்கள். 5 லட்சம் என்றால் அவர் வேறு எழுத்துக்கோ டாட் இன்னுக்கோ போய்விடுவார், ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அது உலகமெல்லாம் புழங்கும் ஒற்றைச் சொல். அதை வைத்து இதற்கு விலை சொல்ல முடியாது.

பள்ளத்தூர் ஆச்சி
தம்பி, அவசரப்படாதீங்க. முனீஸ்வரன் கோயில் தெருவுல நாங்க பழம்பொருள் வியாபாரம் பண்றோம். தேக்குத் தூண் விலை கேட்டு வர்றவங்க முதல்ல சொல்ற தொகை, அவங்க கையில இருக்கிறதுல ஒரு பங்குதான். ஒரு வாரக் கெடு அவங்க வெச்சது, அதுக்கு நீங்க கட்டுப்பட வேண்டியதில்ல.

வெப்காரத் தம்பி சொல்ற மாதிரி வேற எழுத்து சும்மா கிடைக்கும்னா, தரகர் எதுக்கு உங்ககிட்ட வரணும்? கூகுள்ல ஒவ்வொரு எழுத்தா போட்டுப் பாருங்க. கடைப் பலகையில, பில்லுல, கட்டடக்காரங்க கேட்டு எழுதுற மெயில்ல எந்த எழுத்து அதிகமா வருதுன்னு எண்ணுங்க. உங்களுது அதுதான்னா 60,000 கம்மி. புதுப்பிச்ச ரசீதைக் கூட்டி விலை போடாதீங்க. வாங்குறவருக்கு அது என்ன சம்பாதிச்சுத் தரும்? ஒரே ஒரு வீட்டுத் தளத்துக்குக் கல் ஆர்டர் வந்தா எவ்வளவு நிக்கும்னு பட்டறைக்காரரான உங்களுக்குத் தெரியாதா?

காரைக்குடி வெப்காரன்
ஆச்சி, தூணுக்கு நாளைக்கு இன்னொருவர் வருவார். இந்தப் பெயரை 13 வருஷத்துக்கு மேல் யாருமே கேட்கவில்லை. இருப்பது ஒரே ஆள். அவர் டிரேட்மார்க் வைத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1999 முதல் டொமைன் வழக்குகளுக்குத் தனி நடைமுறை இருக்கிறது. வைப்போவில், அதாவது ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பில், ஒரு நடுவர் விசாரிக்கும் வழக்குக்குக் கட்டணம் 1,500 டாலர். விலை அதைத் தாண்டினால் வழக்குப் போடலாமா என்று யோசிப்பார்.

பள்ளத்தூர் ஆச்சி
போடட்டும். கெட்ட எண்ணத்துல பதிவு பண்ணினதை அவரில்ல நிரூபிக்கணும்? இவங்க அதே ஊர்ல அதே கல்லைச் செய்றவங்க. பட்டறை லைசென்ஸ், பழைய பில் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைங்க தம்பி. எதிர்ல இருக்கிறவர் கம்பெனியைக் கண்டுபிடிச்சு நீங்களா போய் "வாங்கிக்கோங்க"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. அவர் பெயரைக் காட்டிப் பணம் பண்ணவே வாங்கி வெச்சீங்கன்னு திருப்பிடுவாங்க.

கோட்டையூர்க்காரன்
எனக்கு விலையே பிரச்சினை இல்லை. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்கிறவர்களிடம் அந்தப் பெயர் இருக்கிறது. நாளை அதில் எங்கோ மெஷினில் அடித்த கல்லை விற்றால் உங்கள் அப்பா எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? விற்காதீர்கள். பத்துப் புகைப்படமும் போன் நம்பரும் போட்டு ஒரு பக்கம் திறங்கள்.

பட்டறைத் தம்பி
எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், எங்கள் எழுத்துதான் அதிகம் வருகிறது. 4 லட்சம், எஸ்க்ரோ (பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் ஒரு நிறுவனம் பிடித்து வைக்கும் ஏற்பாடு) வழியாக மட்டும் என்று பதில் அனுப்பிவிட்டேன். கெடுவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கடைசி விலையை அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதை இங்கே சொல்ல மாட்டேன். கோட்டையூர் அண்ணே, பேச்சு முடியும்வரை சும்மா இருக்கப் போவதில்லை, படம் எடுக்க இன்றைக்கே ஆள் வருகிறார்.

காரைக்குடி வெப்காரன்
4 லட்சத்துக்கு அவர் வர மாட்டார் என்பதுதான் இன்னும் என் கணக்கு. வந்தால், பணம் எஸ்க்ரோவில் ஏறிவிட்டது என்று பார்த்த பிறகே, பெயரை அவர் கணக்குக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைக் கொடுங்கள். தரகர் அனுப்பும் லிங்கை அழுத்தாதீர்கள், முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், அதற்கு இவ்வளவு கட்டுங்கள் என்று சொன்னால் அவர் தரகரே இல்லை, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.