தாராவின் காலில் ஆணி: வெட்டியவர்கள், ஊறவைத்தவர்கள், முற்றத்தை உடைத்தவர்

யாழ்ப்பாணத்து ஊர்களில் தாரா (வாத்து) வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியவை இவை. ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதியவரின் ஊர்.

கோண்டாவில்

மூன்று வருடமாக வீட்டில் ஆறு தாரா நிற்கின்றன. முட்டைக்கென்று வாங்கியவை, இப்போது அம்மாவுக்குப் பேச்சுத்துணை. போன கார்த்திகை மழையோடு அதில் பெரிய வெள்ளை நொண்டத் தொடங்கியது. கிளுவை வேலிப் பக்கம் மேய்ந்து முள் ஏறியிருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தவிடு குழைத்து வைத்ததும் மற்ற ஐந்தும் ஓடிவர, இது மட்டும் கிணற்றடியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்று கத்தியது.

பிடித்துப் பிரட்டிப் பார்த்தால் பாதத்தின் நடுவில் துவரம்பருப்பளவு கறுத்த பொருக்கு. சுற்றிவர வீக்கம். தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. அம்மம்மா கண்ணாடி போடாமலே சொன்னா: "உது ஆணியடி பிள்ளை. மனுசருக்கு வாறது தாராவுக்கும் வரும்." பெயர் பாதி பொருந்தும். மனிதரின் கால் ஆணி வெறும் தடித்த தோல், இதற்குள்ளோ கிருமி இருக்கிறது. பாதத் தோல் உராய்ந்து சின்னக் கீறல் விழுந்தால் போதும், பெரும்பாலும் ஸ்ரெபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா உள்ளே போய்விடும். நம் தோலிலும் இருக்கிற கிருமிதான்.

அப்புறம் நான் செய்தது விசர் வேலை. வீடியோ ஒன்றில் ஒருவர் பிளேட்டால் வட்டமாக வெட்டி, உள்ளேயிருந்து வேர் மாதிரி ஒன்றை இழுத்தெடுக்கிறார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நானும் தம்பியைப் பிடிக்கச் சொல்லி, புது பிளேட்டைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து வெட்டினேன். வேர் வரவில்லை, இரத்தம்தான் வந்தது. பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகே நின்றது. தாராவைவிடத் தம்பிதான் பயந்துபோனான். ஒரு கிழமையில் துவரம்பருப்பு கடலையாகிவிட்டது.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நன்றாகப் பேச்சு வாங்கினேன். பேசி முடித்துவிட்டு விளங்கப்படுத்தினார். பறவையின் சீழ் நம்முடையது போல வடியாதாம். சீழைக் கரைத்துத் தண்ணீராக்கும் பொருள் அவற்றின் வெள்ளையணுக்களில் போதாததால், அது இறுகிப் பாற்கட்டி போல உள்ளேயே உட்கார்ந்துவிடும். கட்டியைக் கீறினால் வடிந்துவிடும் என்ற நம் கணக்கு அங்கே சரிவராது. முதலில் ஊறவைத்து இளக்க வேண்டும்.

அதன்பிறகு காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கைப்பிடி எப்சம் உப்பைக் கரைத்து, 15 நிமிடம் பேசினுக்குள் நிற்பாட்டினேன். தண்ணீரைக் கண்டால் தாரா சந்தோசமாக நிற்கும் என்று நினைத்தேன். அது அந்தத் தண்ணீரையே குடிக்கத் தொடங்கியது. எப்சம் உப்பு பேதி மருந்தாகவும் கொடுக்கிற சாமான், எனவே அம்மா ஒவ்வொரு தடவையும் முன்னால் நல்ல தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. பிறகு துடைத்து, விரலிடுக்குச் சவ்வு வரைக்கும் ஈரமில்லாமல் காயவைத்து, பாமசியில் வாங்கிய பொவிடோன் அயடீன் பூசி, மருந்துத்துணி வைத்துக் கட்டினேன். ஆறாம் நாள் பொருக்கு தானாகவே கழன்று வந்தது. அதன் அடியில் பயறளவில் மஞ்சளாக இறுகிய ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டித் தேடிய வேர் அதுதான்.

கட்டு நனைந்தால் கட்டாமல் விட்டதைவிட மோசம். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, இறுக்காமல் ஒரு சப்பாத்து மாதிரிச் செய்து போட்டேன். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் கழற்றி எறிந்துவிட்டது. கடைசியில் பின் விறாந்தையில் உமி பரப்பி, துணைக்கு இன்னொரு தாராவையும் விட்டு அடைத்து வைத்தோம். தனியே விட்டால் இரவிரவாகக் கத்தும். முழுசாக ஆற ஐந்து கிழமை எடுத்தது.

கரவெட்டி

எங்கள் பக்கம் மணல் தரை. 12 வருடத்தில் இந்த ஆணியை நான் கண்டதே இல்லை, ஆனால் நொண்டுகிற தாரா கண்டிருக்கிறேன். எல்லாம் நெருஞ்சி முள். மாரி முடிந்து தை, மாசியில் காய் முற்றிக் காய்ந்து கிடக்கும்போது வரும். விரலடியில் ஏறி உடைந்து நிற்கும் முள் வெளியே தெரியாது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

முள்வாங்கியால் எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு நாள் கூட்டுக்குள் வைத்தால் சரி. ஒரே ஒருமுறை முள்ளின் துண்டு உள்ளே நின்றுபோய் வீங்கியது. அதைக் கோண்டாவில் அக்கா சொன்ன மாதிரி ஊறவைத்துத்தான் எடுத்தோம். முள் என்று நினைப்பதில் பிழையில்லை, பிரட்டிப் பார்க்காமல் நினைப்பதுதான் பிழை.

மானிப்பாய்

கனடாவில் இருக்கிற அண்ணை போன முறை வந்து நின்றபோது, "முற்றம் ஒரே சேறாக் கிடக்கு" என்று காசு தந்து இன்ரலொக் கல் பதிப்பித்தார். கோடிப்புறம் முழுக்கச் சீமெந்து. அயலட்டை எல்லாம் வந்து பார்த்தது. வீடு அழகாகிவிட்டது என்பதை நானும் மறுக்கவில்லை. நாலு மாதத்தில் ஏழு தாராவில் நாலு நொண்டி.

முதலில் தீனியில் பிழை என்று நினைத்தேன், தீனியை மாற்றினேன். பிறகு தண்ணீர்த் தொட்டி என்று நினைத்து அதையும் மாற்றினேன். நாலும் ஒரே இனம், முகத்தில் சிவப்புத் தசை தொங்கும் பாரமான தாரா. ஆண் ஒன்று 5 கிலோவுக்கு மேலே. கூடு கீரிக்குப் பயந்து மூன்றடிக் காலில் நிற்கிறது. விடிய நான் கதவைத் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் குதிக்கும். கல் பதிக்க முதல் அது மண்ணில் விழுந்தது, இப்போது கல்லில் விழுகிறது. இது எனக்கு விளங்கவே மூன்று மாதம் போய்விட்டது. ஒருநாள் கட்டிலில் கிடந்து சத்தத்தைக் கேட்டபோதுதான் உறைத்தது. மண்ணில் குதித்த நாட்களில் அந்தச் சத்தமே வரவில்லை.

மூன்றை ஊறவைத்தும் மருந்து கட்டியும் ஆற்றினேன். நாலாவது பெரிய ஆண். பொங்கல் நேரம், வீட்டில் ஆட்கள், நாளைக்கு நாளைக்கு என்று பத்து நாள் போய்விட்டது. பாதத்தில் இருந்த வீக்கம் மேலே குதிமூட்டுக்கு ஏறியது. வைத்தியர் ஊசி போட்டார், ஆனால் எலும்புக்குப் போய்விட்டது என்றும் சொன்னார். அது தின்பதை நிறுத்தி ஐந்தாம் நாள் செத்தது. அது என் பிழைதான்.

பிறகு கோடிப்புறத்தில் பத்தடிக்குச் சீமெந்தை உடைத்து மண் கொட்டினேன். கூட்டுக்குப் பனஞ்சலாகையில் ஒரு சரிவுப்பலகை செய்து, வழுக்காமலிருக்க மேலே சாக்கு அடித்தேன். பனை மட்டையால் செய்யப் பார்த்த ஆட்களுக்கு ஒன்று: இரண்டு பக்கக் கருக்கையும் சீவாமல் போட்டால் அதுவே பாதத்தைக் கிழிக்கும். அண்ணை வீடியோவில் பார்த்து, "ஏன்ரா அந்த இடம் மட்டும் குழியாக் கிடக்கு?" என்றார். தண்ணீர்க் குழாய் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சண்டிலிப்பாய்

எல்லாரும் எப்சம், அயடீன் என்கிறீர்கள். எங்கள் அப்பாச்சி காலத்திலிருந்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துக் கட்டுவதுதான். எனக்கு இரண்டு தாரா அதில் சுகமாகியிருக்கின்றன. மாரி காலத்தில் வழுக்கையாற்றுப் பக்கத்து வயலில் மேய்பவை, காலில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டிய நாட்களில் அவற்றை வயலுக்கு விடவில்லை, மாட்டுக்கொட்டிலில் வைக்கல் மேலேதான் வைத்திருந்தோம். மஞ்சள் சுகப்படுத்தியதா, காய்ந்த வைக்கல் சுகப்படுத்தியதா என்று இப்போது உங்கள் கதைகளைப் படிக்கும்போது யோசனை வருகிறது. அப்பாச்சியிடம் கேட்டால் அடி விழும்.

உரும்பிராய்

நான் கால்நடை வைத்தியப் பகுதியில் உதவியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். மஞ்சள் பூசுவதில் பெரிய தீங்கில்லை. ஆனால் எண்ணெயில் குழைத்தால் மண்ணும் எச்சமும் அதில் ஒட்டும். கழுவிக் காயவைத்த காலில் அயடீன் போதும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டை நாளாந்தம் ஊற்ற வேண்டாம், நுரைப்பதைப் பார்க்க நல்லாயிருக்கும், புதிதாக வருகிற தசையையும் அது அரிக்கும்.

வீட்டு வைத்தியம் எதுவரை என்று பலர் கேட்பார்கள். பொருக்கு சின்னது, வீக்கம் பாதத்தோடு நிற்கிறது, தாரா தின்கிறது, நடக்கிறது என்றால் வீட்டில் பார்க்கலாம். வீக்கம் விரல்களுக்குள் பரவினாலோ, மூட்டுக்கு ஏறினாலோ, தீனி எடுக்காமல் படுத்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். மானிப்பாய்த் தம்பி பத்து நாள் என்று எழுதியதை வாசித்தபோது மனம் சங்கடப்பட்டது. இப்படி எத்தனையோ பேர் கடகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து, கடைசி நாளில் என் முன்னால் இறக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின் குளுசையை உடைத்துத் தீனியில் போடுவது எங்கள் ஊரில் இருக்கிற பழக்கம். வேண்டாம். அளவும் தெரியாது, அந்த மருந்துக்குக் கேட்கிற கிருமியா என்பதும் தெரியாது. அந்த நாட்களில் இடுகிற முட்டையில் மருந்து இருக்கும், அதைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்பீர்கள். வைத்தியர் மருந்து தந்தால் எத்தனை நாள் முட்டை எடுக்கக்கூடாது என்று கட்டாயம் கேளுங்கள். மரத்துப்போக வைக்கிற களிம்பும் மனிதருக்கான நோவு மாத்திரையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பறவைகள் அவற்றைத் தாங்குகிற அளவு மிகக் குறைவு.

பிடிக்கிற விதமும் முக்கியம். காலில் பிடித்துத் தூக்காதீர்கள், தாராவின் கால் எலும்பு அதற்கானதல்ல. துவாயால் இறக்கையோடு சுற்றி மடியில் வையுங்கள். நெஞ்சை இறுக்கக்கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. கையுறை போடுங்கள். ஒருமுறை நகக்கண்ணில் கீறலோடு சீழைத் தொட்டுவிட்டு, இரண்டு கிழமை என் விரல் வீங்கிக் கிடந்தது.

சாவகச்சேரி

எங்கள் கதை வேறு. அடைக்கோழிக்குக் கீழே தாரா முட்டை வைத்தோம். கோழிக்கு 21 நாள், தாராவுக்கு 28. பாவம், கோழி ஒரு கிழமை கூடுதலாகக் கிடந்தது. பத்துக் குஞ்சு. மூன்றாம் கிழமையில் இரண்டு குஞ்சுகள் காலை வளைத்து வளைத்து நடந்தன, ஒன்று முழங்காலில் உட்கார்ந்துவிட்டது. காலில் கிருமி என்று நினைத்து நாங்களும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். பாதத்தில் ஒரு கீறலும் இல்லை.

நாங்கள் கொடுத்தது வெறும் குறுணல் அரிசி. தாராக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்ற உயிர்ச்சத்து கூடுதலாக வேண்டுமாம், அது பி வகையில் மூன்றாவது. வைத்தியர் தந்த சத்து மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க, இரண்டு நிமிர்ந்தன. உட்கார்ந்தது நிமிரவில்லை. நொண்டினால் முதலில் பாதத்தைப் பாருங்கள், பாதம் சுத்தமாக இருந்தால் தீனித் தட்டைப் பாருங்கள்.

கோண்டாவில்

உரும்பிராய் ஐயா, கையுறை விசயம் இப்போதுதான் யோசிக்கிறேன். ஐந்து கிழமையும் வெறுங்கையால்தான் செய்தேன்.

எங்கள் கிணற்றடிச் சீமெந்து அப்பா காலத்தது, மேற்பூச்சுப் போய்க் கல் கல்லாக நிற்கிறது. அதை உடைக்க முடியாது, கிணற்றுக் கட்டும் சேர்ந்து ஆடும். மண் கொட்டலாம் என்றால் மணல் விற்கிற விலைக்கு ஆறு தாராவையும் விற்றாலும் காணாது. அதனால் மேலே சாந்து பூசி மழமழப்பாக்கினோம். மழமழப்பாக்கியதும் பாசி பிடித்து வழுக்கியது, அம்மா ஒருநாள் விழப் பார்த்தா. இப்போது கிழமைக்கொருதடவை தும்புக்கட்டையால் தேய்க்கிறேன். தாராக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தோட்டப் பக்கம் செம்மண்ணுக்கு மாற்றிவிட்டேன். மழைக்கு அந்த இடம் சேறாகிவிடும் என்பதால் சுற்றிவர உமி போடுகிறோம், ஈரமாக ஆக அள்ளி வாழைக்கு எறிகிறோம். வாழை மட்டும் இந்த வருடம் நல்லாயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறையும் பிடித்துப் பாதம் பார்க்கிறோம். போன கிழமை இன்னொன்றுக்குச் சின்னச் சிவப்பு, பொருக்கு இல்லை. மூன்று நாள் உமியில் வைத்ததோடு போய்விட்டது. வெள்ளை முட்டையிடத் தொடங்கிவிட்டது. வெட்டிய இடத்தில் தோல் தடித்துப்போய் மழை நாளில் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறது. அம்மம்மா அதை ஆணிக்காரி என்றுதான் கூப்பிடுகிறா. கூப்பிட்டால் வருகிறது.