மண் வீட்டில் கான்கிரீட் லிண்டல் வேண்டுமா?

அன்னூர்க்காரன்:
கோவை மாவட்டம் அன்னூருக்கு வெளியே ஒற்றைத் தளத்தில் ஒரு வீடு கட்டப் போகிறேன். சுவருக்கு அழுத்திய மண்கட்டி, பூச்சுக்குச் சுண்ணாம்பு, தரைக்கு ஆத்தங்குடி ஓடு. கூரை மட்டும் கான்கிரீட் தளம். அதில் வீட்டார் பிடித்த பிடியை விடவில்லை. ஜன்னல்கள் 4 அடி அகலம். கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குப் போக 8 அடித் திறப்பு. இவற்றின் மேல், திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் போடாமல் கல் அல்லது வளைவு வைக்கலாமா? "லிண்டல் போடாமல் அடுத்த வரி வைக்கமாட்டேன்" என்கிறார் கொத்தனார்.

செம்மண்:
தாராளமாக வைக்கலாம். திறப்புக்கு மேலுள்ள சுவர் முழுவதும் லிண்டலின் தலையில் உட்காருவதில்லை. ஒரு முக்கோண அளவு கட்டுமானம் மட்டுமே அதன் மீது இறங்கும். மிச்சத்தைச் செங்கற்கள் தாமே இருபுறமும் தள்ளிவிடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் இதைத்தான் சொல்லிச் சொல்லிக் கட்டினார். செங்கல்லைக் குத்தாக இரண்டு வரிசை வைத்து, நடுச் சந்தில் ஓரிரு கம்பியும் கொஞ்சம் கான்கிரீட்டும் இட்டால் அதுவே அவருக்கு லிண்டல். அதுகூட வேண்டாத இடங்களில் வளைவு. திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் போய்ப் பாருங்கள். உலகின் கரிம உமிழ்வில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. மண்ணில் வீடு கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூட்டையை அவிழ்ப்பானேன்?

சைட் எஞ்சினியர்:
முக்கோணம் சரி. அது நிற்க இடம் வேண்டாமா? பக்கச் சாய்வு 60 பாகை என்று எடுத்தால் 4 அடித் திறப்புக்கு முக்கோணத்தின் உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி. 7 அடியில் லிண்டல், 10 அடியில் தளம் என்றால் நடுவில் இருப்பது 3 அடிச் சுவர். அதாவது முக்கோணம் முடிவதற்குள் கூரை வந்துவிடுகிறது. 8 அடித் திறப்பில் கேட்கவே வேண்டாம். தளத்தின் பாரம் நேராக லிண்டலுக்குத்தான் இறங்கும். ஓட்டுக் கூரை என்றால் வேறு பேச்சு. இவர் வீட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

காரைக்குடி மருமகள்:
எங்கள் மாமனார் வீட்டில் நிலைகளுக்கு மேல் பர்மாத் தேக்குப் பலகைதான், கான்கிரீட் கிடையாது. பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் லிண்டலில்தான் அடிப்பக்கம் நீளவாக்கில் கோடு விட்டுத் துரு வடிகிறது. ஆனால் அந்தத் தேக்குக்கு இன்று எங்கே போவது? சந்தையில் கிடைக்கும் மரத்தைச் சுவருக்குள் புதைத்தால் கறையானுக்குத்தான் விருந்து.

செம்மண்:
துருவைச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்கைக் கீழே வைக்காமல் பலகையோடு ஒட்டிக் கான்கிரீட் கொட்டுகிறார்கள். ஈரம் நுழைகிறது, கம்பி துருவேறி உப்புகிறது, கான்கிரீட் அடியில் பிதுங்கி உதிர்கிறது. கருங்கல்லுக்கு இந்த நோயே கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கம் சுவரையே கல் பலகைகளால் நிறுத்திய வீடுகள் இருக்கின்றன.

சைட் எஞ்சினியர்:
கம்பி கட்டுகிறவரின் சோம்பேறித்தனத்துக்குக் கான்கிரீட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். கருங்கல் நசுக்குவதற்குத்தான் அசராது. வளைத்தால் அதன் பலம் பத்தில் ஒரு பங்குதான். லிண்டலின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடுகிற பக்கம், அங்கே கல்லிடம் கம்பி இல்லை. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அத்தனை நெருக்கம் என்று நினைக்கிறீர்கள்? அழகுக்காக மட்டுமா? மேலே கிடக்கும் கல் உத்தரத்துக்கு அவ்வளவு தூரம்தான் தாங்கும். பாரம் அதே அளவு பரவியிருக்க, இடைவெளி இரட்டித்தால் வளைவு விசை நான்கு மடங்கு. கான்கிரீட் முதலில் கீறல் விட்டு எச்சரிக்கும். கல் எச்சரிக்காது.

கொத்தனார் மகன்:
இரண்டு பேரும் தூக்கிப் பார்க்காமலே பேசுகிறீர்கள். 4 அடி ஜன்னலுக்கு இருபுறமும் முக்கால் அடி சுவரில் உட்கார வேண்டும். ஆக ஐந்தரை அடிக் கல். 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம் என்றால் நூற்றைம்பது கிலோவைத் தாண்டும். நான்கு ஆள் பிடித்தால் சாரத்தில் ஏற்றிவிடலாம். 8 அடிக்குக் கல்லைத் தடிப்பாக எடுக்க வேண்டும், 400 கிலோ வரும். அதற்குச் செயின் பிளாக், அதாவது சங்கிலிக் கப்பி வேண்டும். கல் எடுக்கும்போது அப்பா சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். மணி போல ஒலித்தால் வண்டியில் ஏற்றுவார். 'தொப்' என்று வந்தால் உள்ளே கீறல் நரம்பு ஓடுகிறது என்று தள்ளிவிடுவார்.

கான்கிரீட்டுக்கும் ஒன்று சொல்கிறேன். லிண்டலோடு சன்ஷேடு சேர்த்து ஊற்றும்போது, சன்ஷேடின் கம்பி மேல்புறம் இருக்க வேண்டும். சட்டியோடு வரும் ஆள் அதன்மேல் நடந்தால் கம்பி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சன்ஷேடு முட்டுப் பிரித்த அன்றைக்கே தொங்கும்.

அன்னூர்க்காரன்:
அப்படியானால் ஜன்னலுக்கு மட்டும் செங்கல் வளைவு வைக்கலாமா?

கொத்தனார் மகன்:
வைக்கலாம். ஆனால் வளைவு பக்கவாட்டில் உதைக்கும். அந்த உதையை வாங்கச் சுவர் நீளம் வேண்டும். வீட்டு மூலையை ஒட்டி ஜன்னல் வைத்திருந்தால் மூலையே வெளியே தள்ளும். உங்கள் வரைபடத்தில் படுக்கையறை ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சைட் எஞ்சினியர்:
இன்னொன்றை யாரும் தொடவில்லை. 1900 பிப்ரவரியில் கோவை குலுங்கியது. 2002இல் திருத்திய நில அதிர்வு வரைபடம் கோவையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மண்கட்டிச் சுவருக்கு லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரே தொடராகக் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். 3 அங்குலக் கனமும் இரண்டு கம்பியும் போதும், ஆனால் மூலைகளில் அறுபடக் கூடாது. ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனியாகக் கல்லை வைத்தால் சுவர்களைக் கட்டிப்பிடிக்க எதுவுமில்லை.

செம்மண்:
பட்டை என்றால் கான்கிரீட்தானா? காஷ்மீரில் 'தாக்' முறை வீடுகளில் சுவருக்குள் மரச்சட்டங்களை மட்டம் மட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். 2005 நிலநடுக்கத்தில் அவை எப்படி நின்றன என்று எழுதாத பொறியாளர் இல்லை.

சைட் எஞ்சினியர்:
அங்கே தேவதாரு இருக்கிறது, குளிர் இருக்கிறது. அன்னூரில் என்ன இருக்கிறது என்று காரைக்குடி அம்மா முன்னமே சொல்லிவிட்டார்.

காரைக்குடி மருமகள்:
கறையானை வைத்து என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் ஐயா. நான் கான்கிரீட் கட்சியும் இல்லை.

செம்மண்:
சரி, ஒருபடி இறங்குகிறேன். ஆரோவில்லில் 'யு' வடிவ மண்கட்டி செய்கிறார்கள். அதையே சுவரின் வரிசையில் வைத்து, உள்ளே கம்பி போட்டுக் கான்கிரீட் நிரப்பினால் பட்டையும் ஆயிற்று, சென்டரிங் பலகையும் மிச்சம். திறப்புக்கு அடியில் மட்டும் முட்டுக் கொடுத்தால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் மண் சுவர்தான். அதன்மேல் சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி ஏடு ஏடாகக் கழன்று வரும்.

சைட் எஞ்சினியர்:
இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். 8 அடித் திறப்புக்கு அது போதாது. அங்கே ஆழமான உத்தரம் வேண்டும்.

கொத்தனார் மகன்:
நடுவில் ஒரு கல்தூண் நிறுத்தினால் 8 அடி இரண்டு 4 அடியாகிவிடும். கல் உத்தரமே தாங்கும்.

அன்னூர்க்காரன்:
வாசலுக்கு நேர் நடுவில் தூணா? அம்மா காதில் விழுந்தால் 'தூண்குத்து' என்று வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்.

கொத்தனார் மகன்:
அப்படியென்றால் இரண்டு தூண். நடுவில் 4 அடி, இருபுறமும் இரண்டிரண்டு அடி. பழைய வீடு இடிக்கிற இடங்களில் நல்ல தூணாகவே கிடைக்கும். அடியில் தனி அஸ்திவாரம் போடச் சொல்லுங்கள், தரை ஓட்டின்மேல் நிறுத்திவிடாதீர்கள்.

சைட் எஞ்சினியர்:
அந்தக் கல்லுக்கு மேலேயும் பட்டை தொடர்ந்து ஓட வேண்டும். அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அன்னூர்க்காரன்:
மூலை ஜன்னலை இரண்டடி உள்ளே தள்ளி வரைபடத்தை மாற்றுகிறேன். வளைவு அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும், மற்றவற்றுக்கு 'யு' கட்டி. 'யு' கட்டியைப் படத்தில் காட்டினேன். கொத்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குத் தனிக் கூலி" என்றார்.