சூரிச்சில் பிள்ளைகளோடு ஒரு நாள் நீச்சல் தடாகம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கோ

கோண்டாவில் தம்பி:
வணக்கம். ஆடி மாதம் குடும்பமாகச் சூரிச் போகிறோம், அக்கா வீட்டில் நிற்போம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்கப் பொதுத் தடாகத்தில் கழிக்கலாம் என்று அத்தான் சொல்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. கீரிமலைக் கேணிப் படியில் நின்று முழுகித்தான் பழக்கம், நீந்தத் தெரியாது. மனைவிக்கு நீச்சல் உடை போட விருப்பமில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா? சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா?

இணுவில் ரீச்சர்:
தம்பி, முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயதானவர்களைத்தான் எல்லாரும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே தடாகத்தைச் சுற்றிவரப் பெரிய புல்வெளியும் மர நிழலும் இருக்கும். சனம் காலையிலேயே வந்து விரிப்புப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, நித்திரை கொண்டு, பின்னேரம்வரை இருக்கும். என் தங்கச்சி எங்களைக் கூட்டிக்கொண்டு போன இடம் லெற்சிகிராபன். 1949இல் திறந்தது. பிற்பாடு எழுத்தாளராகப் பெயரெடுத்த மக்ஸ் ஃபிரிஷ், கட்டடக் கலைஞராக வேலை செய்த காலத்தில் அதை வடிவமைத்தார். பூங்கா ஒன்றுக்குள் தடாகங்களை வைத்த மாதிரி அவ்வளவு வடிவு. மாமி நிழலில் பாயைப் போட்டு இருந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த மலைகளை விட அந்த நாளைப் பற்றித்தான் இப்போதும் அதிகம் கதைப்பார்.

சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம். நாங்கள் புளிச்சாதமும் றோல்ஸும் கட்டிக்கொண்டு போனோம். கண்ணாடிப் போத்தல் மட்டும் வேண்டாம், உடைந்தால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

அன்றைக்குக் காலையில் ஒருவர் தலையிலும் எண்ணெய் வைக்காதீர்கள். தண்ணீரில் இறங்க முன்னம் ஷவரில் நன்றாகக் குளிக்க வேண்டும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் என்ற பொருள் உண்டாகிறது. மூக்கில் ஏறுகிற அந்த மணத்துக்கும் கண் எரிவுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். மகனை அடிக்கடி கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

உடுப்பு விஷயத்தில் மனைவி கவலைப்பட வேண்டாம். நீச்சல் துணியில் தைத்த நீளக் கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் கிடைக்கின்றன, அங்கே பலரும் வெயிலுக்காகப் போடுகிறார்கள். பருத்திச் சட்டையோடும், நீச்சல் காற்சட்டைக்குள்ளே உள்ளாடையோடும் இறங்கக்கூடாது. ஆளுக்கு இரண்டு துவாய் எடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இராது, திறந்தவெளித் தடாகத்தில் பொதுவாக 22, 23 பாகைதான். எங்கள் பிள்ளைகளுக்குக் கெதியில் உதறல் எடுக்கும். உதடு நீலம் பாய முன்னம் வெளியே எடுத்துத் துவட்டி, வெயிலில் இருத்துங்கள்.

இன்னொன்று. அந்த நாளோடு ரைன் அருவியையோ வேறு எதையோ சேர்க்க வேண்டாம். டிக்கெட் காசை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, ஒரே நாளில் நாலு இடம் ஓடுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். பிள்ளை தண்ணீரோடு பழகவே முற்பகல் முழுக்கப் போய்விடும். பின்னேரம்தான் சிரித்து விளையாடத் தொடங்கும், அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அங்கே ஆடியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

அல்லைப்பிட்டி அகதி:
இருபது வருடத்துக்கு மேலாகச் சூரிச்சில் இருக்கிறேன். ரீச்சர் சொன்னது முழுக்கச் சரி. அண்ணை, மனைவிக்கு ஆண்கள் இல்லாத இடம்தான் வேண்டுமென்றால் ஸ்ரட்ஹவுஸ்கே என்ற இடத்தில் லிம்மாற் ஆற்றின் மேலே பெண்களுக்கான மரக் குளிப்பிடம் ஒன்று இருக்கிறது, 1888இல் கட்டியது. பகலில் பெண்களுக்கு மட்டும்தான். கீரிமலையில் பெண்கள் கேணிக்குப் போய்ப் பழகியவருக்கு அங்கே கூச்சம் இருக்காது.

அதே ஆற்றில் லெற்றன் பக்கம் இலவசக் குளிப்பிடங்களும் இருக்கின்றன. காசு இல்லை என்று யாராவது சொல்லி உங்களை அங்கே அனுப்பினால், நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு போகாதீர்கள். அது ஓடுகிற ஆறு, இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீர் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம். நகரத்தில் 1200க்கு மேல் பொது நீரூற்றுகள் இருக்கின்றன, வெறும் போத்தலோடு வாருங்கள்.

கோண்டாவில் தம்பி:
நன்றி அக்கா, நன்றி தம்பி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாய் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். மகனுக்கு ஊதுகிற கைவளையம் வாங்கினால் போதுமா? காவலுக்கு ஆட்கள் நிற்பார்கள்தானே?

இணுவில் ரீச்சர்:
போதாது தம்பி. கைவளையம் விளையாட்டுச் சாமான், உயிர் காக்காது. காவலர் நிற்பார், ஆனால் அவர் முழுத் தடாகத்தையும் பார்க்கிறவர். சிறு பிள்ளை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் முதல் விதி. நாலு வயதுப் பிள்ளை சத்தம் போட்டுவிட்டுத் தாழாது. நீங்களும் அத்தானும் முறை வைத்துப் பாருங்கள். முறை உள்ளவர் கையில் போன் இருக்கக்கூடாது.

மகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு தண்ணீர்ப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது: ஆழத் தண்ணீருக்குள் உருண்டு விழுந்து, ஒரு நிமிடம் மிதந்து, 50 மீற்றர் நீந்த வேண்டும். சுற்றிவரக் கடல் உள்ள எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? வகுப்பில் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த யோசனைதான். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கிணற்றடித் தொட்டியில் முகத்தை வைத்து மூச்சை ஊதி விடப் பழக்குங்கள். கண்ணைத் திறந்து அடியில் கிடக்கிற கரண்டியை எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். அந்தப் பயம் இங்கேயே போய்விட்டால், அங்கே சிறுவர் தடாகத்தில் அத்தான் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க, அவள் தானாகக் காலை அடிப்பாள்.