சாரா பேலினைக் கேள்வி கேட்டது ஆணாதிக்கமா, அப்படிச் சொன்னதுதான் தேர்தல் தந்திரமா?

உட்லண்ட்ஸ் மாலா:

வணக்கம். மகள் தொடக்கக்கல்லூரியில் தமிழ் விவாதக் குழுவில் இருக்கிறாள். பெண் வேட்பாளரைக் குறை சொன்னாலே "பெண் என்பதால் தாக்குகிறார்கள்" என்று கட்சிகள் கூச்சல் போடுவது வெறும் தேர்தல் தந்திரம், இதுதான் தலைப்பு. இவள் அணி ஒட்டிப் பேச வேண்டும். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்திய சாரா பேலினை உதாரணமாக எடுத்திருக்கிறார்கள். சுலபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். இப்போது கொஞ்ச நாளாக முகமே சரியில்லை. "அம்மா, அவங்களப் பத்தி எழுதினதுல பாதி படிக்கவே கூசுது, இத வச்சுக்கிட்டு எல்லாமே தந்திரம்னு எப்படிப் பேசுறது?" என்கிறாள்.

எனக்கு அந்தத் தேர்தல் அரைகுறையாகத்தான் ஞாபகம். அப்போது இவள் கைக்குழந்தை, வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த நேரம். கவனித்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எது நியாயமான கேள்வி, எது பெண் என்பதால் வந்த வசை, கட்சி எதை எதோடு கலந்தது? அமெரிக்கக் கட்சிச் சண்டை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

பிடோக் ராஜன்:

மாலா அக்கா, பிள்ளைக்குக் கூசுகிறது என்றால் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

2008 ஆகஸ்ட் 29, ஒஹாயோவின் டேட்டன் நகரில் மெக்கெய்ன் அவரை மேடையேற்றினார். அலாஸ்கா ஆளுநர், 44 வயது, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், கடைசிக் குழந்தை அந்த ஏப்ரலில்தான் பிறந்தது, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. அறிவித்த ஓரிரு நாளிலேயே இணையத்தில் என்ன ஓடியது தெரியுமா? அது அவர் பெற்ற குழந்தையே இல்லை, மூத்த மகள் பெற்றதைத் தாய் தன்னுடையது என்று சொல்லி மறைக்கிறார் என்று. பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு வயிறு தெரிகிறதா இல்லையா என்று ஆராய்ந்தார்கள். கடைசியில் செப்டம்பர் 1ஆம் தேதி, 17 வயது மூத்த மகள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்பதைக் குடும்பமே ஊர் உலகத்துக்குச் சொல்ல வேண்டி வந்தது. எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாத நிலை. எதிர்த்து நின்ற ஒபாமாவே அன்று, குடும்பத்தைத் தொடாதீர்கள், என் அம்மாவும் 18 வயதில்தான் என்னைப் பெற்றார் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தார்.

அப்புறம் தொலைக்காட்சியில் அடுத்த கட்டம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இவர் எப்படித் துணை அதிபர் வேலை பார்ப்பார், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? எதிரணியில் அதே பதவிக்கு நின்ற ஜோ பைடனைப் பாருங்கள். 1972 டிசம்பரில் அவர் மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மகளும் கார் விபத்தில் இறந்துபோனார்கள், சின்னப் பையன்கள் இருவரும் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். 1973 ஜனவரியில் அந்த மருத்துவமனையிலேயே செனட்டராகப் பதவிப் பிரமாணம் எடுத்தார். தினமும் வில்மிங்டனுக்கும் வாஷிங்டனுக்கும் ரயிலில் போய்வந்து பிள்ளைகளை வளர்த்தார். 2008ல் அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார்கள், நெகிழ வேண்டிய கதைதான், எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தகப்பன் என்றால் தியாகம், தாய் என்றால் தகுதிக் குறைவா? இந்த ஒன்றை எதிரணி எடுத்து வைத்தால் உங்கள் மகள் அணிக்குப் பதில் கிடையாது. இப்போதே தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

செங்காங் கவிதா:

ராஜன் அண்ணன் சொன்னது எல்லாம் உண்மை. அந்த உண்மையை மெக்கெய்ன் அணி என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

அறிவித்து ஒரு வாரமாகியும் பேலின் முக்கியச் செய்தியாளர் யாருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு செப்டம்பர் 7ஆம் தேதி பிரசார மேலாளர் ரிக் டேவிஸ், ஊடகங்கள் அவரை மரியாதையோடு நடத்தத் தயாராகும்போதுதான் பேட்டி என்கிற பொருளில் பதில் சொன்னார். யோசித்துப் பாருங்கள், அமெரிக்காவின் துணை அதிபராக வரப்போகிறவர், அதிபர் வேட்பாளருக்கு வயது 72, நாளை ஏதாவது ஆனால் இவர்தான் அதிபர். அவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா?

அடுத்து அந்த உதட்டுச்சாய விவகாரம். செப்டம்பர் 3ஆம் தேதி கட்சி மாநாட்டில் பேலினே தன்னைப்போல ஹாக்கி விளையாடும் பிள்ளைகளின் அம்மாவுக்கும் பிட்புல் நாய்க்கும் உள்ள வித்தியாசம் உதட்டுச்சாயம் மட்டும்தான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 9ஆம் தேதி வர்ஜீனியாவில் ஒபாமா, மெக்கெய்னின் கொள்கைகளைப் பற்றிப் பேசும்போது, பன்றிக்கு உதட்டுச்சாயம் பூசினாலும் அது பன்றிதான் என்றார். அங்கே எல்லா அரசியல்வாதியும் சொல்கிற பழமொழி அது. மெக்கெய்னே முந்தைய ஆண்டு ஹிலரி கிளிண்டனின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைப் பற்றி அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் சில மணி நேரத்தில் மெக்கெய்ன் தரப்பு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முன்னாள் பெண் ஆளுநர் ஜேன் ஸ்விஃப்ட்டைத் தொலைபேசியில் செய்தியாளர்களிடம் பேசவைத்து, ஒபாமா பேலினைப் பன்றி என்று சொல்லிவிட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. உடனே விளம்பரமும் தயார். செப்டம்பர் 15ல் லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகப் பொருளாதாரமே ஆட்டம் காணப் போகிற நேரத்தில், அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் பன்றிப் பேச்சு!

இதில் எனக்கு நெஞ்சு எரிகிற இடம் வேறு. 2007 நவம்பரில் ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஹிலரியை மிக அசிங்கமான ஒரு வார்த்தையால் குறிப்பிட்டு, அவளை எப்படித் தோற்கடிப்பது என்று மெக்கெய்னிடம் கேட்டார். மெக்கெய்ன் அந்த வார்த்தையைக் கண்டிக்கவில்லை, சிரித்தார், நல்ல கேள்வி என்றார். 2008 மார்ச்சில் பேலினும், தன்மீது விமர்சனம் கூடுதலாக வருகிறது என்று ஹிலரி புலம்புவதுபோலத் தெரிந்தால் அது பெண்களுக்கு நல்லதல்ல என்றுதான் பேசினார். ஹிலரி பட்டபோது பொறுத்துப் போ, தங்கள் ஆள் பட்டபோது ஆணாதிக்கம். அன்று ஹிலரிக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால் பின்னால் சொன்னதை நானும் முழுமனதோடு நம்பியிருப்பேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறையவே இருந்தன. அலாஸ்காவில் கெட்சிகன் ஊரையும் கிராவினா தீவையும் இணைக்கும் பாலத்துக்குக் கிட்டத்தட்ட 40 கோடி டாலர் மதிப்பீடு. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்று பேலின் மேடைக்கு மேடை பேசினார். 2006ல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது அந்தப் பாலத்தை ஆதரித்தவர், 2007ல் கைவிட்டாலும் பணம் மாநிலத்திடமே இருந்தது. பொதுப் பாதுகாப்பு ஆணையர் நீக்கப்பட்ட விவகாரத்தில் அலாஸ்கா சட்டமன்றம் நியமித்த விசாரணை அக்டோபர் 10ஆம் தேதி, நீக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, ஆனால் தங்கையின் முன்னாள் கணவரான மாநிலக் காவலரை வேலையிலிருந்து தூக்குவதற்காக அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றது. சிபிஎஸ் பேட்டியில் கேட்டி கூரிக், என்ன செய்தித்தாள் படிப்பீர்கள் என்று கேட்டார், ஒரு பெயர்கூட வரவில்லை. கேட்டவரும் பெண்தானே?

ஜூரோங் சாமி:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கேலி என்றாலே பெண் என்பதால் என்று ஏன் எடுக்க வேண்டும்? 1988ல் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) 41 வயது டான் குவேலைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தினாரே, அந்த மனுஷனை விடாமல் கேலி செய்தார்கள். தன் அனுபவத்தைக் கென்னடியோடு ஒப்பிட்டவரிடம், விவாத மேடையில் எதிரணித் துணை அதிபர் வேட்பாளர் லாய்ட் பென்ட்சன், நீங்கள் ஜாக் கென்னடி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேலினுக்கும் குடும்பத்துக்கும் கட்சி 150,000 டாலருக்கு உடை வாங்கிய செய்தியை ஆணாதிக்கம் என்றார்கள், ஆனால் 2007ல் அதிபர் வேட்பாளராக முயன்ற ஜான் எட்வர்ட்ஸ் 400 டாலருக்கு முடி வெட்டியதையும் ஊரே பேசியது. தயாராகாத ஆளை நிறுத்தினால் அடி விழத்தான் செய்யும்.

செங்காங் கவிதா:

குவேல் உதாரணம் நல்ல உதாரணம் சாமி சார், மாலா அக்கா குறித்துக்கொள்ளுங்கள். அனுபவம் போதாது என்ற அடி இரண்டு பேருக்கும் விழுந்தது, அது நியாயம். ஆனால் குவேலுக்கும் மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கமலா ஹாரிஸைப் பாருங்கள். துளசேந்திரபுரம் என்று நம்மவர்கள் எல்லாம் பெருமையாகப் பேசினோமே, அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை என்பதையே குடியரசுக் கட்சியின் ஜே.டி. வான்ஸ் 2021ல் குறையாகப் பேசினார், கணவரின் இரண்டு பிள்ளைகளுக்கு அவர் தாயாக இருந்தது கணக்கிலேயே வரவில்லை. ஐந்து பெற்றாலும் குற்றம், பெறாவிட்டாலும் குற்றம். கட்சி எதுவானாலும் நான் இதைக் கேட்பேன்.

மெக்பர்சன்வாசி:

அமெரிக்கா வரை ஏன் போகவேண்டும்? 2011 சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலில் நான் மரின் பரேட் குழுத்தொகுதியில் வாக்களித்தவன், பலர் ஓர் அணியாக நின்று ஒன்றாகவே ஜெயிக்கும் தொகுதி அது. மக்கள் செயல் கட்சி முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் தலைமையிலான அணியில் 27 வயது டின் பெய் லிங்கை நிறுத்தியது. அவர் கணவர் பிரதமரின் தனிச் செயலாளராக இருந்தவர். அப்போது கேட்க வேண்டியது என்ன? 1988ல் கொண்டுவந்த குழுத்தொகுதி முறையில், முன்னாள் பிரதமரின் நிழலில் ஒரு புதுமுகம் தனியாகத் தன்னை நிரூபிக்காமலே நாடாளுமன்றத்துக்குப் போய்விட முடிகிறதே, இது சரியா என்பதுதான். இது ஆணுக்கும் பொருந்துகிற கேள்வி, எத்தனையோ ஆண்கள் அப்படித்தான் போனார்கள்.

நாங்கள் என்ன பேசினோம்? கணவர் வாங்கித் தந்த கேட் ஸ்பேட் கைப்பைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் படத்தை. என் அலுவலகத்தில், காப்பிக்கடையில், தேக்காவில் மீன் வாங்கும் வரிசையில்கூட அந்தப் படம் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போனது. எதிரணியில் 24 வயது நிக்கோல் சியா நன்றாகப் பேசினார், ஆனால் அவரைப் புகழ்ந்த பாதிப் பேரும் யார் அழகு என்றுதான் ஒப்பிட்டார்கள். புகழ்ச்சியே அவமானம். கடைசியில் குழுத்தொகுதிக் கேள்வி எங்கேயோ போய், சின்னப் பெண்ணை இப்படியா வதைப்பது என்று இரக்கமும் சேர்ந்துகொண்டது. கட்சி எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதைத்தான் 2008லும் பார்க்கிறேன். குழந்தை யாருடையது என்று கிளப்பிய அந்த அசிங்கம் மட்டும் இல்லாதிருந்தால், மரியாதை கொடுத்தால்தான் பேட்டி என்று ரிக் டேவிஸ் சொன்னதை யாராவது ஏற்றிருப்பார்களா? வசை பாடியவர்கள்தான் தந்திரக்காரர்கள் கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள். கவிதா அடுக்கிய பாலம், விசாரணை எல்லாம் அந்தக் கேடயத்துக்குப் பின்னால்தான் பல நாள் பதுங்கின.

2015லும் பாருங்கள். டின் பெய் லிங் மெக்பர்சன் தனித்தொகுதியில் தனியாக நின்றார், குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி வேட்பாளர், புதிதாகத் தாயானது அவருடைய பலவீனம் என்று சொன்னார், எதிர்ப்பு வந்ததும் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். நம் புளோக்கில் தாய்மார்கள் கொதித்துப்போனார்கள். அப்படிச் சொன்ன வேட்பாளருக்கு விழுந்தது 0.8 விழுக்காடு, வைப்புத்தொகை 14,500 வெள்ளியும் போயிற்று. டின் பெய் லிங் 65 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார்.

உட்லண்ட்ஸ் மாலா:

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்போ வசையும் நிஜம், தந்திரமும் நிஜம், வசை இருந்ததாலதான் தந்திரம் பலிச்சுது, இப்படியே பேசலாமா?" என்கிறாள். ஒட்டிப் பேசும் அணி இப்படி ஒப்புக்கொண்டால் புள்ளி குறையுமா? நடுவராக இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிடோக் ராஜன்:

நான் பள்ளி விவாதங்களுக்கு நடுவராகப் போயிருக்கிறேன் அக்கா. தலைப்பில் "வெறும்" என்று இருக்கிறதே, அதை எதிரணி பிடிக்கும், அதனால் முதல் பேச்சாளரே வசை நிஜம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் கட்சி செய்த வேலைதான் எங்கள் வாதம் என்று எல்லை போட்டுவிட்டால் புள்ளி கூடத்தான் செய்யும்.

இன்னொன்று தருகிறேன். 1984ல் அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேலோடு நின்ற ஜெரால்டின் ஃபெராரோ, பெரிய கட்சியின் முதல் பெண் துணை அதிபர் வேட்பாளர். அவரிடம் தொலைக்காட்சியில், நீங்கள் பெண் என்பதால் சோவியத்துகள் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். இது வசை. கணவரின் தொழில், வருமானவரிக் கணக்கு பற்றியும் கேட்டார்கள். இது நியாயமான கேள்வி, அதிலும் ஆண் வேட்பாளர் மனைவியின் கணக்கை இப்படிக் குடைந்திருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் ஃபெராரோ மரியாதை கொடுத்தால் வருகிறேன் என்று ஒதுங்கவில்லை. ஆகஸ்ட் மாதம் செய்தியாளர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நின்று, கணக்குக் கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொன்னார். பேலின் அணி செப்டம்பர் முதல் வாரத்தில் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாம் பேச்சாளர் பேசட்டும். நேரம் போதவில்லை என்றால் உதட்டுச்சாயக் கதையை விட்டுவிடலாம், இதை விடவேண்டாம்.