மறு: "சிக்னேச்சர் ஸ்ட்ரைக்": சாயல்வழித் தாக்குதல் என்ற சொல்லை முன்வைத்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் போர்ச்சட்டச் சொற்பட்டியலில் ஆளில்லா விமானத் தாக்குதல்கள் பற்றிய பகுதி "சிக்னேச்சர் ஸ்ட்ரைக்" (ஆள் இன்னார் என்று அறியாமல், நடமாட்டத்தின் ஒப்புமையை மட்டும் கொண்டு நடத்தும் தாக்குதல்) என்னும் ஒரே பதிவில் வந்து நின்றுவிட்டது. கையொப்பத் தாக்குதல், நடத்தைவழித் தாக்குதல், ஐயத் தாக்குதல், ஆளறியாத் தாக்குதல் என நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. ஐந்தாவதாகச் "சாயல்வழித் தாக்குதல்" என்பதை முன்மொழிகிறேன். மற்ற நான்கும் ஏன் போதவில்லை என்பதைச் சொல்லாமல் என் பரிந்துரையை மட்டும் வைப்பது முறையாகாது என்பதால் மடல் சற்று நீளும், பொறுத்தருள்க. அன்பர்களின் மடல் வரிகளை மேற்கோளாகத் தந்து அவற்றின் கீழே பதில் எழுதுகிறேன்.

> மூலத்தில் உள்ளதை உள்ளபடி தருவதே நம் வேலை. கையொப்பம் என்றே வைத்துக்கொண்டு விளக்கத்தைக் கீழே தரலாம்.

ஐயா, மூலச்சொல்லில் உள்ள "சிக்னேச்சர்" கையெழுத்தைக் குறிப்பதன்று. ரேடார், சோனார் துறைகளில் ஒரு கப்பலையோ விமானத்தையோ அதில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையையோ அது எழுப்பும் ஒலியையோ கொண்டு இன்னதென்று பிரித்தறியும் அடையாளத்தொகுதிக்கு அந்தப் பெயர் உண்டு. அங்கிருந்தே அது மனிதர்கள்மேல் ஏற்றப்பட்டது. தமிழில் கையொப்பத் தாக்குதல் என்று படிப்பவர், மேலதிகாரி ஒருவர் கையொப்பமிட்டு ஆணையிட்ட தாக்குதல் என்றே பொருள்கொள்வார். அந்தப் பொருள் இதற்கு எதிர்வகையான "பெர்சனாலிட்டி ஸ்ட்ரைக்" என்பதற்குத்தான் ஓரளவு பொருந்தும். அதில் கொல்லப்பட வேண்டியவரின் பெயர் தெரியும், பட்டியல் இருக்கும், ஒபாமா காலத்தில் அந்தப் பட்டியல் வெள்ளை மாளிகை வரை சென்று ஒப்புதல் பெற்றது. நாம் பெயர் தேடும் வகையிலோ கொல்லப்படுபவரின் பெயர் கொல்பவருக்குத் தெரியாது. வானிலிருந்து பல மணிநேரமோ பல நாளோ பார்த்த நடமாட்டம் ஆயுதக்குழுவினரின் நடமாட்டத்தைப் போல இருக்கிறது என்ற கணிப்பே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் 2008 முதல் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது. 2012இல் ஏமனுக்கும் நீட்டிக்கப்பட்டது.

> நடத்தைவழித் தாக்குதல் என்பதே நேரானது, எளியது.

எளியது என்பதை ஏற்கிறேன். ஆனால் தமிழில் "நடத்தை" ஒழுக்கத்தோடு ஒட்டிய சொல். நன்னடத்தைச் சான்றிதழ் என்கிறோம், நடத்தை சரியில்லை என்கிறோம். நடத்தைவழித் தாக்குதலில் ஒருவர் இறந்தார் என்று செய்தித்தாளில் படிக்கும் வாசகர், இறந்தவர் ஏதோ தகாத காரியம் செய்திருக்க வேண்டும் என்று தம்மையறியாமலே எண்ணிக்கொள்வார். இறந்தவர்மேல் பழியைச் சாய்க்கும் சொல்லை நாம் உருவாக்கித் தரக் கூடாது.

இங்கே ஒரு நிகழ்வை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2010 பிப்ரவரி 21 அன்று ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் விடியுமுன் மூன்று வண்டிகள் மலைப்பாதையில் சென்றுகொண்டிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் கடைக்குச் சரக்கு வாங்கச் சென்ற வணிகர்கள், படிப்புக்குத் திரும்பிய மாணவர்கள், மருத்துவம் பார்க்கப் புறப்பட்டவர்கள், அவர்களுடன் பெண்களும் குழந்தைகளும். சில கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்கச் சிறப்புப் படையணி ஒன்று இருந்தது. நெவாடா மாநிலத்தின் கிரீச் விமானப்படைத் தளத்தில் அமர்ந்தபடி பிரிடேட்டர் என்னும் ஆளில்லா விமானத்தை இயக்கிய குழுவினர் சுமார் நான்கு மணிநேரம் அந்த வண்டிகளைத் தொடர்ந்தனர். புளோரிடாவில் இருந்த படச்சோதனையாளர்கள் அதே காட்சியைப் பார்த்துக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தனர். அவர்களின் உரையாடல் எழுத்துவடிவில் பின்னர் வெளிவந்தது. வண்டிகள் நின்றன, பயணிகள் இறங்கித் தொழுதனர். தொழுகையைக் கண்ட குழுவினர், இது அவர்களின் படைதான், அவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று பேசிக்கொண்டனர். குழந்தைகள் இருக்கலாம் என்ற குறிப்பு வந்தபோது அது அவர்களுக்கு எரிச்சலூட்டியது. குழந்தை என்ற சொல் பேச்சினூடே பதின்பருவத்தினர் என்று மாறியது. பிறகு இரண்டு ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. எஞ்சிய பெண்கள் துணியை அசைத்துக் காட்டிய பிறகே தாக்குதல் நின்றது. 23 பேர் வரை கொல்லப்பட்டதாக அமெரிக்கப் படையின் சொந்த விசாரணையே பதிவுசெய்தது. பிரிடேட்டர் குழுவினர் தந்த தகவல்களைத் துல்லியமற்றவை, தொழில்நெறிக்கு ஒவ்வாதவை என்றும் அது குறிப்பிட்டது.

விடியற்காலைத் தொழுகை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் செய்வது. அதை ஆயுதக்குழுவின் அடையாளமாகப் படித்தவரிடத்தில்தான் தவறு இருக்கிறது, தொழுதவரின் நடத்தையில் இல்லை. இந்த வேறுபாடு நம் சொல்லில் தெரிய வேண்டும். "சாயல்" என்றால் பார்ப்பவர் ஒருவர் உண்டு, அவர் மனத்தில் ஓர் உருவம் முன்பே உண்டு, கண்ணில் படுவதை அந்த உருவத்தோடு அவர் ஒப்பிடுகிறார் என்ற மூன்றும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பிள்ளைக்கு அப்பாவின் சாயல் இருக்கிறது என்று சொல்பவர் பார்க்கிறவர்தானே.

> ஐயத் தாக்குதல் என்றால் சுருக்கமாகவும் சட்டத்துக்கு நெருக்கமாகவும் இருக்குமே.

அம்மா அவர்களின் இந்தப் பரிந்துரையைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். சட்டத்தில் ஐயம் என்பதற்கு உறுதியான இடமுண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 50ஆவது பிரிவு, ஒருவர் குடிமகனா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அவரைக் குடிமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது. (அமெரிக்கா அந்த நெறிமுறையை ஏற்புறுதி செய்யவில்லை, இந்தியாவும் அதில் சேரவில்லை.) ஆகவே ஐயம் என்பது கையைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒன்று. உருஸ்கான் உரையாடலில் என்னை உலுக்குவது அங்கே ஐயமே இல்லாமற்போனதுதான். எதிரே கண்ட ஒவ்வொன்றும் முன்முடிவுக்குச் சான்றாகவே மாறியது. ஐயத் தாக்குதல் என்று பெயரிட்டால், தயங்கித் தயங்கி எடுத்த முடிவு என்ற தோற்றத்தை அதற்கு நாமே தந்துவிடுவோம்.

காபூலிலும் இதுவே நடந்தது. 2021 ஆகஸ்ட் 29 அன்று, விமான நிலையக் குண்டுவெடிப்புக்கு மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரை ஆளில்லா விமானங்கள் ஏறத்தாழ எட்டு மணிநேரம் பின்தொடர்ந்தன. அதை ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி அமைப்பின் ஊழியர்; காரில் ஏற்றியவை வீட்டுக்கான தண்ணீர்க் கலன்கள். அவற்றை வெடிபொருள் என்று படித்தனர். வீட்டு முற்றத்தில் கார் நின்றபோது வீசப்பட்ட ஏவுகணையில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர். முதலில் அதை நியாயமான தாக்குதல் என்று கூறிய பென்டகன், செப்டம்பர் 17 அன்று தவறு என ஒப்புக்கொண்டது. யார்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று டிசம்பரில் அறிவித்தது. பென்டகன் இந்தத் தாக்குதலை சிக்னேச்சர் ஸ்ட்ரைக் என்று அழைக்கவில்லை. ஆனால் கண்ட காட்சியைப் படித்த முறை அதுவே என்பதால், பதிவின் விளக்கத்தில் இதையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

ஆளறியாத் தாக்குதல் என்பதுதான் என் பரிந்துரைக்கு மிக அருகில் வருவது. இலக்கணமும் சரியாக இருக்கிறது. எதிர்வகைக்கு "ஆளறி தாக்குதல்" என்று வினைத்தொகையாக வல்லினம் மிகாமல் எழுதிக்கொண்டால் இரண்டும் அழகாக இணைகின்றன. தயக்கம் ஒன்றுதான். போர்ச்சட்டத்தில் படையினர், குடிமக்கள் என்று பாராமல் ஊர்மீது குண்டு பொழிவதற்குத் தனிப் பெயருண்டு. அதை நாம் ஏற்கெனவே "பாகுபாடற்ற தாக்குதல்" என்று பட்டியலில் சேர்த்திருக்கிறோம். ஆளறியாத் தாக்குதல் அதனோடு குழம்பும். இங்கே பாகுபாடு செய்யப்படுகிறது. எதைக் கொண்டு செய்யப்படுகிறது என்பதே கேள்வி. எனவே "ஆளறி தாக்குதல்" என்பதை எதிர்வகைக்கு வைத்துக்கொண்டு, இதற்குச் சாயல்வழித் தாக்குதல் என்று கொள்ளலாம்.

> சாயல் மென்மையான சொல். மயிலின் சாயல் என்று பாடும் மொழியில் கொலைக்கு அதை வைப்பது உறுத்துகிறது.

உறுத்தல் எனக்கும் இருந்தது. ஆயினும் இன்றைய உரைநடையில் அச்சொல் பெரும்பாலும் ஒப்புமையையே குறிக்கிறது. நைஜீரியாவின் கடுனா மாநிலத்தில் 2023 டிசம்பர் 3 அன்று துடுன் பிரி கிராமத்தினர் மீலாது விழாவுக்குக் கூடியிருந்தபோது அந்நாட்டு இராணுவத்தின் ஆளில்லா விமானம் தாக்கியதில் குறைந்தது 85 பேர் இறந்தனர். அதற்கு இராணுவத் தலைமை தந்த விளக்கம், கூட்டத்தின் செயல்பாடுகள் கொள்ளைக் கும்பலின் செயல்பாடுகளை ஒத்திருப்பதாகத் தவறாகக் கணித்துவிட்டோம் என்பது. தாக்கியவர்களே ஒப்புமையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நம் சொல் அவர்கள் சொன்னதையே சொல்கிறது; கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சாயல் என்ற சொல்லை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், உயிரோடு இருப்பவர்களுக்கு இத்தாக்குதல்கள் செய்வதையும் அது விளக்குகிறது என்பது. 2011 மார்ச் 17 அன்று பாகிஸ்தானின் வடக்கு வசிரிஸ்தான் பகுதியில் உள்ள தத்தா கேல் என்ற ஊரில், குரோமைட் சுரங்கம் ஒன்றைப் பற்றிய தகராறைத் தீர்க்க ஊர்ப்பெரியவர்கள் ஜிர்கா எனப்படும் வழக்குத் தீர்க்கும் கூட்டத்தைக் கூட்டியிருந்தார்கள். அரசால் அமர்த்தப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஆண்கள் பலர் ஓரிடத்தில் வட்டமாக அமர்ந்திருந்த அந்தக் காட்சி அமெரிக்க ஆளில்லா விமானத்தால் தாக்கப்பட்டு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பாகிஸ்தான் இராணுவத் தளபதியே வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்குப் பின் அப்பகுதி மக்கள் கூடிப் பேசவும், சாவு வீட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அஞ்சியதை ஸ்டான்போர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களின் சட்டப்பிரிவுகள் 2012இல் நேர்காணல்கள் வழியே பதிவுசெய்தன. எந்தச் சாயல் தம்மைக் கொல்லும் என்று தெரியாத மக்கள், ஒவ்வொரு செயலையும் மேலிருந்து பார்ப்பவரின் கண்ணால் தாமே பார்க்கத் தொடங்குகிறார்கள். வழக்குத் தீர்ப்பதும் துக்கம் விசாரிப்பதும் இல்லாமற்போன ஊரில் எஞ்சுவது என்ன என்பது நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை மக்கள் "வண்டு" என்றார்கள். காசாவில் அதே இரைச்சலை வைத்து "சனானா" என்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தம் காதால் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பட்டியலில் "ஆளில்லா விமானம்" என்ற பதிவின்கீழ் வண்டு என்பதையும் வழக்குச்சொல்லாகச் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு கருத்து. 2009 முதல் 2015 வரை ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா தவிர்த்த இடங்களில் 473 தாக்குதல்கள் நடத்தியதாகவும், அவற்றில் இறந்த போராளியல்லாதோர் 64 முதல் 116 வரை என்றும் அமெரிக்க அரசு 2016இல் அறிவித்தது. இலண்டனில் இயங்கும் புலனாய்வு இதழியல் அமைப்பின் கணக்கோ 380 முதல் 801 வரை. தாக்குதல் வளையத்துக்குள் இருந்த படைவயது ஆண்களையெல்லாம், அல்லர் என்று இறந்தபின் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, போராளிகளாகவே எண்ணும் முறை ஒன்று இருந்ததை 2012இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. உயிரோடு இருக்கையில் சாயலால் குறிவைக்கப்பட்டவர், இறந்த பிறகும் சாயலாலேயே கணக்கில் சேர்க்கப்படுகிறார். ஆகவே "படைவயது ஆண்" என்ற பதிவையும் இதற்கு அடுத்ததாகவே வைத்துக் குறுக்குக்குறிப்புத் தர வேண்டும்.

சொல்லின் எல்லையையும் வரையறுத்துவிடலாம். உக்ரைனின் கெர்சோனில் சிறு டிரோன்களை இயக்குபவர்கள் மிதிவண்டியில் செல்பவரையும் பேருந்துக்கு நிற்பவரையும் குடிமக்கள் என்று திரையில் பார்த்துக்கொண்டே தாக்குகிறார்கள். அவற்றை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணைக் குழு 2025 மே மாதம் முடிவுசெய்தது. அது சாயல்வழித் தாக்குதல் ஆகாது. குடிமக்கள் என்று தெரிந்தே கொல்வதை அந்தப் பெயரால் எழுதினால் குற்றத்தைக் குறைத்துக் காட்டியவர்களாவோம். மறுபுறம், மீத்தரவை (யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார் என்பது போன்ற குறிப்புகளை) கொண்டே மனிதர்களைக் கொல்கிறோம் என்று சி.ஐ.ஏ.யின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014இல் சொன்னதும், கணினி நிரல் மனிதர்களுக்கு மதிப்பெண் இட்டு இலக்குகளாகப் பரிந்துரைப்பதும் இச்சொல்லின் எல்லைக்குள் வரும். அங்கே ஒப்பிடுவது கண்ணுக்குப் பதில் நிரல், அவ்வளவே.

இவையெல்லாம் நமக்குத் தொலைவான செய்திகள், அவசரமில்லை என்று ஒரு மடலில் எழுதப்பட்டிருந்தது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து குத்தகைக்கு எடுத்த எம்.கியூ-9பி ஆளில்லா விமானங்கள் 2020 முதல் கண்காணிப்புக்குப் பறக்கின்றன. 2024 அக்டோபரில் 31 விமானங்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. தன்னியக்க ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஒருசில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவை குறித்துத் தமிழில் விவாதிக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

பதிவுக்கு நான் முன்வைக்கும் வாசகம் இது: "சாயல்வழித் தாக்குதல்: தாக்கப்படுபவர் இன்னார் என்று அறியாத நிலையில், அவருடைய நடமாட்டமோ தொடர்புகளோ எதிரிப் படையினருடையவற்றை ஒத்திருக்கின்றன என்ற கணிப்பை மட்டும் கொண்டு நடத்தப்படும் கொலைத் தாக்குதல். எதிர்: ஆளறி தாக்குதல்."

"கணிப்பை மட்டும்" என்பதில் "மட்டும்" தேவையா என்பதைச் சட்டம் பயின்றவர்கள் சொல்ல வேண்டும். பிற உளவுத் தகவலும் கலந்த தாக்குதல்களை அது வெளியே தள்ளிவிடுமோ என்ற கேள்வி எனக்கு உண்டு. அடுத்த பதிவான "டபுள் டேப்" என்பதற்கு வந்துள்ள "இரட்டைத் தட்டு" என்பதைக் கைவிட வேண்டுகிறேன். முதல் தாக்குதலில் விழுந்தவர்களைத் தூக்க ஓடிவருபவர்கள்மீது மீண்டும் ஏவுகணை வீசுவதை அது சொல்லவேயில்லை. "மீட்போர்மீது மறுதாக்குதல்" என்பதை அங்கே வைக்கிறேன். கருத்துகளைத் தனி இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.