என்கோடர் அளவீட்டிலிருந்து மோட்டாரின் வேகத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஒரு சுற்றுக்கு 4000 துடிப்புகள் தரும் என்கோடரை (சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றும் உணரி) டிசி மோட்டாரில் பொருத்தி, மில்லிவினாடிக்கு ஒருமுறை நிலையைப் படித்து, அடுத்தடுத்த இரு அளவீடுகளின் வித்தியாசத்தை நேர இடைவெளியால் வகுத்து வேகத்தைக் கணக்கிடுகிறேன். மோட்டார் சீராகச் சுழன்றாலும், கிடைக்கும் வேகம் நிமிடத்துக்கு 90 சுற்றுகளுக்கும் 105 சுற்றுகளுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
ஒரு மில்லிவினாடியில் ஒரேயொரு துடிப்பு கூடினாலும் நிமிடத்துக்கு 15 சுற்றுகள் கூடியதாகவே உங்கள் கணக்கு காட்டும். நீங்கள் காணும் தாவல் அதுதான். இடைவெளியைக் குறைத்தால் துல்லியம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருகவே செய்யும். இத்தகைய குறைந்த வேகத்தில், துடிப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு, என்கோடரின் இரு சேனல்களில் (வெளியீட்டுக் கம்பிகளில்) ஒன்றை மட்டும் எடுத்து, அதன் அடுத்தடுத்த இரண்டு ஏறுமுனைகளுக்கு (சைகை தாழ்விலிருந்து உயர்வுக்கு மாறும் தருணங்களுக்கு) இடைப்பட்ட நேரத்தை டைமரால் அளந்து பாருங்கள். உங்கள் 4000 துடிப்புகள் இரு சேனல்களின் ஏறுமுனை, இறங்குமுனை எல்லாவற்றையும் எண்ணியவை என்றால், அந்த நேரத்துக்குள் நான்கு துடிப்புகள் அடங்கும்; 90 சுற்று வேகத்தில் அது ஏறத்தாழ 667 மைக்ரோவினாடி. ஒரு மைக்ரோவினாடி பிசகினாலும் பிழை 0.15 சதவீதம்தான். இரு சேனல்களின் முனைகளையும் கலந்து அளக்க வேண்டாம், அவற்றின் இடைவெளி பெரும்பாலும் சீராக இருப்பதில்லை.

பதில் 2:
டைமர் வசதி இல்லையென்றால், கடைசி ஐந்து நிலை அளவீடுகளைப் பழையதிலிருந்து வரிசையாக −2, −1, 0, 1, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, இடைவெளியின் பத்து மடங்கால் வகுக்கலாம். இது, இரைச்சலைக் குறைக்கும் சாவிட்ஸ்கி–கோலே வடிப்பானின் எளிய வடிவம். அளவீட்டுப் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால், வேகத்தின் இரைச்சல் ஏறத்தாழ நான்கரை மடங்கு குறையும். ஆனால் விடை 2 மில்லிவினாடி தாமதமாகக் கிடைக்கும். இந்த வேகத்தைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று (control loop) வேகமானதாக இருந்தால் அந்தத் தாமதமே அலைவை உண்டாக்கக்கூடும் என்பதால், புள்ளிகளை மேலும் கூட்டுவதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டைமர் இருக்கிறது, முதலில் அந்த வழியைச் செய்து பார்க்கிறேன்.