சாலிஸ்பரி ஒருநாள் பயணம்: பெற்றோருடன், ஜூன் விடுமுறையில்

தெம்பனிஸ்_மலர்

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் லண்டன் போகிறோம். கணவர், நான், பத்து வயது மகள், அப்பா, அம்மா என ஐந்து பேர். ஒருநாள் தென் இங்கிலாந்து நகரமான சாலிஸ்பரிக்கு ஒதுக்கியிருக்கிறோம். பேராலயம், மாக்னா கார்ட்டா (மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட பழைய உரிமைச் சாசனம்), ஸ்டோன்ஹெஞ்ச் (வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டம்) மூன்றையும் முடிக்க முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். அப்பா அம்மா இருவரும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள். நாங்கள் மூவரும் சிங்கப்பூரர்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதும் தெரிய வேண்டும்.

புக்கிட்_பாத்தோக்_ராஜா

முதலில் பெற்றோர் விசா. இந்தியக் கடப்பிதழுக்குச் சுற்றுப்பயணி விசா கட்டாயம். சிங்கப்பூர் நிரந்தரவாசம் இதில் சலுகை தராது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். அவர்கள் சிங்கப்பூர் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

உங்கள் மூவருக்கும் விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இடிஏ (ETA) எனும் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். மகளுக்கும் தனியாக எடுக்க வேண்டும். அது கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டது. இடிஏ எடுத்த பிறகு கடப்பிதழைப் புதுப்பித்தால் பழைய அனுமதி செல்லாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களும் நிறைய உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத் தளத்திலோ அதன் செயலியிலோ மட்டும் எடுங்கள்.

ரயில் வாட்டர்லூவிலிருந்து, சுமார் ஒன்றரை மணி நேரம். நம் எம்ஆர்டி பழக்கத்தில் வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போய்விடாதீர்கள். வாட்டர்லூ வாயில் திறந்துவிடும், ஆனால் அந்த முறை சாலிஸ்பரி வரை செல்லாது, அபராதம் விழும். பயணச்சீட்டு வாங்கியே ஏற வேண்டும். பெரியவர்கள் நால்வர் சேர்ந்து போவதால் குரூப்சேவ் கேளுங்கள்: மூன்று முதல் ஒன்பது பேர் வரை ஒன்றாகப் பயணம் செய்தால் நெரிசலில்லா நேரச் சீட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இதற்குத் தனி அட்டை எதுவும் வாங்க வேண்டாம்.

செராங்கூன்_நூலகி

என் கருத்தில் ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிடுங்கள். நிலையத்திலிருந்து சுற்றுலாப் பேருந்து இருக்கிறது, தூரமும் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் நுழைவுச் சீட்டு குறித்த நேரத்துக்கானது. அங்கே போனபின் வரவேற்பு மையத்திலிருந்து கற்களுக்கு இன்னொரு சிறு பேருந்து. எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் பேராலயத்தை ஓடிக்கொண்டே பார்ப்பது பெரிய இழப்பு.

அந்தக் கட்டடம் 1220ல் தொடங்கி 1258ல் அர்ப்பணிக்கப்பட்டது. 38 ஆண்டில் முடிந்ததால் உள்ளே முழுவதும் ஒரே பாணி. பல நூற்றாண்டு ஒட்டுப்போட்ட மற்ற இங்கிலாந்துப் பேராலயங்களில் இது அரிது. கூர்கோபுரம் மட்டும் 14ஆம் நூற்றாண்டில் மேலே ஏற்றப்பட்டது. உயரம் 123 மீட்டர். சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கத்துச் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயக் கோபுரம் சுமார் 63 மீட்டர் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி, தவறவிடக் கூடாத இடம். கட்டடத்தின் நான்கு கைகளும் சேரும் நடுவிடத்துக்குப் போய், ஒரு பெரிய தூணின் அடியில் நின்று தூணையொட்டி மேலே பாருங்கள். தூண் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கோபுரத்தை ஏற்றியபோது மொத்தம் 6,500 டன் பாரத்தைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள், அடித்தளமோ 1.2 மீட்டர் ஆழம்தான், அதுவும் ஈரச் சரளை மண்ணின் மேல். அந்தச் சரளை காய்ந்தாலும் ஆபத்து என்பதால், தரையில் உள்ள துளைவழியே கோல் விட்டு நீர்மட்டத்தை அளக்கிறார்கள். 1668ல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அளந்தபோது உச்சி சுமார் 75 செண்டிமீட்டர் சாய்ந்திருந்தது. மகளுக்கு இதைக் காட்டினால் பாடப்புத்தகம் தேவையில்லை.

மாக்னா கார்ட்டா சாப்டர் ஹவுஸ் என்ற எண்கோண அறையில் இருக்கிறது. 1215ஆம் ஆண்டு மூலப்படிகளில் எஞ்சிய நான்கில் மிக நல்ல நிலையில் உள்ளது இதுதான். படம் எடுக்க அனுமதியில்லை. நேரே இங்கே வந்துவிடுங்கள், இந்த அறையை மற்ற பகுதிகளுக்கு முன்பே மூடிவிடுவார்கள். முகப்பே இல்லாத கடிகாரம் ஒன்றும் உண்டு, சுமார் 1386ல் செய்தது. அது மணியடிக்க மட்டுமே.

கோபுரச் சுற்றுலா 332 படி, குறுகிய சுழல்படிக்கட்டு, மின்தூக்கி கிடையாது. அம்மா கீழே இருக்கட்டும். தரைத்தளம் பெரும்பாலும் சமதளம்தான். மகளை ஏற்றுவதானால் வயது, உயர வரம்பைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

தெம்பனிஸ்_மலர்

மிக்க நன்றி. அப்பாவுக்குப் பாட்டுக் கச்சேரி பிடிக்கும். அங்கே பாடுவார்களாமே, நாங்கள் இந்துக்கள், போகலாமா?

செராங்கூன்_நூலகி

தாராளமாக. ஈவன்சாங் எனும் மாலை வழிபாடு, வார நாட்களில் வழக்கமாக 5.30க்கு. கட்டணமில்லை, முக்கால் மணி நேரம். மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும், எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாடகர் குழுவுக்கு மிக அருகில் உட்கார இடம் தருவார்கள், கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். அங்குப் பள்ளிகளுக்கு மே கடைசி வாரம் விடுமுறை என்பதால் ஜூன் முதல் வாரம் கழித்துப் போவது நல்லது. அப்போது பேராலயத்தின் சொந்தச் சிறுவர், சிறுமியர் குழுக்கள் பாடும். சிறுவர் குழுவுக்கு இணையான தனிச் சிறுமியர் குழுவை 1991ல் தொடங்கிய முதல் ஆங்கிலப் பேராலயம் இது. அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கல் கட்டடம் ஜூனிலும் குளிரும்.

ஈசூன்_பயணி

ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சாலிஸ்பரியில் ஓர் இரவு தங்குங்கள், ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஞாயிறு வேண்டாம்: காலையில் வழிபாடுகள், சுற்றிப்பார்க்க நண்பகலுக்கு மேல்தான் விடுவார்கள், தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் ஞாயிறுகளில்தான் அதிகம்.

செவ்வாய் நல்ல நாள். செவ்வாயும் சனியும் நகரச் சதுக்கத்தில் சந்தை கூடும். நிலையத்திலிருந்து ஃபிஷர்டன் தெரு வழியாகப் பேராலயம் 15 நிமிட நடை. அம்மாவுக்கு டாக்சி பிடித்துவிடுங்கள். சைவத்துக்கு, சுட்ட உருளைக்கிழங்கில் சீஸும் பீன்ஸும் வைத்துத் தருவது அநேகமாக எல்லாக் காப்பிக்கடையிலும் உண்டு. உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கும்போது மட்டும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள்.